ஒருவருக்கும் பாதிப்பில்லை

கட்டுரையின் இரண்டாவது பத்தியைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னலமற்ற, ஒப்பற்ற, இமைப்பொழுதும் சோராத. ஒரு மனிதர் பிறந்து பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் கழுத்தில் இத்தனை மாலை.

"இது வாழ்க்கை வரலாறா, இரங்கல் கூட்டமா?" என்று கணினித் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடலாம் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவள் பேச்சு அந்த அளவிலேயே நின்றுவிட்டது. அவள் எதிரே சும்மா நிற்பவர்கள்கூடக் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். மருத்துவமனையில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். யார் வைத்தது என்றும் தெரியும். அந்த ஆளின் முதுகெலும்பைப் படம் எடுத்தபோது மட்டும் மேஜையில் துணி விரிக்காமல் ஜில்லென்று படுக்க வைத்தாள்.

வேலை முடிந்த பிறகு அவள் ஒட்டடைக்கோல். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்ற அந்தப் பெரிய சத்திரத்தில், எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. கூட்டிப் பெருக்குகிறவர்கள்தான் கொஞ்சம். அங்கே ஒருவர் தான் எழுதிய கட்டுரை நன்றாக வந்திருப்பதாக நினைத்தால் 'தரமான கட்டுரை' என்ற நட்சத்திரம் கேட்டு விண்ணப்பிப்பார். எழுதாத இன்னொருவர் அதை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு தகவலுக்கும் அடியில் கொடுத்த சான்று உண்மையிலேயே அதைச் சொல்கிறதா என்று பார்த்து, தேறியது அல்லது தேறவில்லை என்று எழுத வேண்டும். அதில் அவள் கைராசி பிரசித்தம். ஒட்டடைக்கோல் எடுத்துக்கொண்ட கட்டுரை என்றால் விண்ணப்பித்தவர்கள் சிலர் விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

அங்கே அவள் போய்ச் சேர்ந்ததும் ஒரு கோபத்தில்தான். எக்ஸ்ரே பற்றிய கட்டுரையில் ஈயக் கவசத்தைப் பற்றித் தப்பாக ஒரு வரி இருந்தது. தினம் அதை மாட்டிக்கொண்டு நிற்பவள் என்ற உரிமையில் திருத்தினாள். அடுத்த நாள் பார்த்தால் பழைய வரியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'சான்று இல்லை. நீங்கள் சொல்வதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது.'

அன்று அவளிடம் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் பாவம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது அந்த வாக்கியம் வேறு மாதிரி ஒலித்தது. நீங்கள் சொல்வதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்கே அப்பா சொன்னால் சொன்னதுதான். குழாயை மூடிவிட்டேன் என்று அவர் சொன்னால் மூடியாகிவிட்டது. அது சொட்டுகிற சத்தம் மற்ற எல்லோருக்கும் கேட்டாலும்.

அப்பாவுக்குக் கேட்காது. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே கேட்காது. ஆனால் அப்படி யாரும் சொல்லக் கூடாது. "நீங்கள்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பதுதான் அந்த வீட்டின் அதிகாரபூர்வமான நிலைப்பாடு. காகிதத்தில் எழுதிக் காட்டினால் கிழித்துப் போடுவார். "நான் என்ன செவிடனா?" அம்மா கத்திக் கத்தியே குரல் கட்டிப்போய், கடைசிக் காலத்தில் கத்தவும் முடியாமல், புருஷனோடு ஒரு வார்த்தை பேசாமலே கண்ணை மூடினாள். இவளுக்கும் ஒரு காலத்தில் அப்பாவிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவனைப் பற்றி. அதை எப்படிச் சொல்வது? எதிர்வீடு, பக்கத்து வீடு, தெருமுனை இஸ்திரிக்காரர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி 'அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு' என்று கத்த வேண்டும். கத்தவில்லை. அவன் கொஞ்ச நாள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். ரகசியமே வைத்துக்கொள்ள முடியாத வீட்டில் வளர்ந்தால் சொல்லாமல் இருப்பது பழகிவிடுகிறது.

இப்போது திரையில் இருந்த கட்டுரை ஒரு ராணுவ மருத்துவரைப் பற்றியது. அப்பா வாயில் 'டாக்டரய்யா'. சதுப்பு நிலத்தில் இருந்த முகாம் ஒன்றில் மலேரியாக் காய்ச்சல் தினம் ஒரு சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர் எல்லோருக்கும் கொயினா மாத்திரையை இரட்டிப்பு அளவில் கொடுத்து அதை நிறுத்தினார். பதக்கம், பதவி உயர்வு, அவர் பெயரில் ஒரு மருத்துவமனை வார்டு. அப்பாவும் அந்த முகாமில் இருந்தவர். டாக்டரய்யாவின் படம் அவர் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தது, அம்மாவின் படத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில்.

அதனால் முதலிலேயே கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டாள்: 'என் தந்தை இவரிடம் பணியாற்றியவர். ஆட்சேபம் இருந்தால் விலகிக்கொள்கிறேன்.' கட்டுரையை எழுதியவர் கடற்காகம் என்ற பெயரில் இயங்குபவர். வங்கியில் வேலை, உற்சாகம் அதிகம், எதற்கும் கோபப்படமாட்டார். கோபப்படாதவர்களைக் கண்டால் அவளுக்கு இன்னும் கோபம் வரும்.

'ஆட்சேபமா? எங்கள் பாக்கியம் அக்கா!' என்று உடனே பதில் வந்தது.

'நான் உங்களுக்கு அக்கா இல்லை. மாலைகளைக் கழற்றுங்கள்' என்று எழுதினாள்.

கழற்றினார். தன்னலமற்ற போயிற்று, ஒப்பற்ற போயிற்று. இமைப்பொழுதும் சோராத என்பதற்கு மட்டும் கொஞ்சம் கெஞ்சினார். 'அவர் தூங்கவே மாட்டாராம் அக்கா.' 'தூங்காத மனிதர் செத்துப்போவார். எடுங்கள்.' எடுத்தார். பிறந்த ஊர், படித்த கல்லூரி, பணிக்காலம் எல்லாவற்றுக்கும் சான்று ஒழுங்காக இருந்தது. பையன் உழைத்திருந்தான் என்று அவளே மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். நட்சத்திரம் கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது.

அப்புறம் அந்த வரி வந்தது. 'இந்த மருந்தளவினால் முகாமில் ஒருவருக்கும் எவ்விதப் பாதிப்பும் ஏற்படவில்லை.'

அதைப் படித்ததும் அவள் கை தானாக மவுஸிலிருந்து எழுந்தது. கொயினா அளவு மீறினால் காதை அடிக்கும் என்பது மருத்துவமனையில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. முதலில் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். நிறுத்தாமல் அழுத்தினால் சிலருக்கு வண்டு மட்டும் தங்கிவிடும், மற்ற சத்தமெல்லாம் போய்விடும். ஒருவருக்கும் இல்லையாம். எவ்விதப் பாதிப்பும் இல்லையாம். பக்கத்து அறையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. அந்த ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரியை எடுத்து எறிய அவளுக்கு ஒரு விநாடி போதும். ஆனால் எந்த உரிமையில்? 'என் அப்பாவுக்குக் காது கேட்காது' என்பது சான்று அல்ல. எத்தனை பேரை அவளே அப்படித் துரத்தியிருக்கிறாள்! என் தாத்தா சொன்னார், எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்று வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவள். அச்சில் வந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. அந்த வரிக்கோ சான்று இருந்தது. ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பு. டாக்டரின் நூற்றாண்டையொட்டி வந்த முழுப் பக்கக் கட்டுரை. வரி அப்படியே அதில் இருந்தது.

அவள் நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இரண்டு கை மாறி அந்த நிருபர் வந்தார்.

"ஆமா மேடம், நான் எழுதினதுதான். நல்லா இருந்துச்சா?"

"ஒருத்தருக்கும் பாதிப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அது எங்கிருந்து கிடைச்சது? யாரையாவது பாத்துப் பேசினீங்களா?"

"பேசறதா? செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆச்சே மேடம்."

"அவரை இல்லைங்க. மாத்திரை சாப்பிட்டவங்களை."

"அவங்களை எங்க தேடறது? எல்லாம் நெட்ல இருந்துதான் மேடம். கலைக்களஞ்சியம் இருக்கு பாருங்க, அதுல டாக்டரைப் பத்தி ஒரு பக்கம் இருந்துச்சு. சின்னதுதான், ஆனா நம்பகமான தகவல். நீங்களும் போய்ப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பது பொருத்தம்.

கட்டுரையின் பழைய பிரதிகளைப் புரட்டிப் பார்த்தபோது நிருபர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கடற்காகம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, கட்டுரை நாலு வரியாக இருந்த காலத்தில், பெயர் வைத்துக்கொள்ளாத யாரோ ஒருவர், சான்றில்லாமல், அந்த வரியைப் போட்டிருந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எந்த இணையத் தொடர்பிலிருந்து எழுதினார் என்று காட்டும் வெறும் இணைப்பு எண். யாரும் கவனிக்கவில்லை. அதைப் பார்த்து நாளிதழ் எழுதியது. நாளிதழைச் சான்றாகக் காட்டிக் கடற்காகம் எழுதினார். கலைக்களஞ்சியம் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு, பார், பாம்பு பிடித்துவிட்டேன் என்று கூத்தாடிக்கொண்டிருந்தது. இந்தக் கூத்து வேறு எந்தத் தொழிலிலும் நடக்காது. கடைக்காரன் தன் கடையிலேயே சாமான் வாங்கி, வியாபாரம் அமோகம் என்று சொல்லமாட்டான்.

மாடியில் குடியிருந்த தம்பி அன்று சாப்பிடக் கீழே வந்தான். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். எதையும் பிரித்துப் போட்டுவிட்டு யோசிப்பவன். மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடும்போது அவர் எதிரே எதையும் பேசலாம். அந்த வீட்டின் ஒரே வசதி.

"எவனோ ஒரு மடையன்டா" என்று அவள் ஆரம்பித்தாள். முழுக்கதையையும் கொட்டினாள். "சான்று கிடையாது, பேர் கிடையாது. அவன் பாட்டுக்கு வந்தான், ஒருத்தருக்கும் பாதிப்பில்லைன்னு கிறுக்கினான், போனான். அவன் மட்டும் என் கையில கிடைச்சா..."

தம்பி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"கிடைச்சா என்ன பண்ணுவ?"

"ஏன்?"

"அந்த மடையன் நான்தான்க்கா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பாக்காத. அவரைப் பாரு" என்று தட்டில் குனிந்திருந்த அப்பாவைக் கண்ணால் காட்டினான். "டாக்டரய்யா பேரு கம்ப்யூட்டர்ல வருதா பாருன்னார். காட்டினேன். படிச்சாரு. எல்லாம் சரி, இதையும் சேத்துடுன்னு சொன்னார். அவர் சொன்னா நான் இல்லைன்னு சொல்ல முடியுமா? தட்டினேன்."

"நீ யோசிக்கவே மாட்டியா? அவரு காது எப்படிடா போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் பிறந்ததுல இருந்து அப்படித்தான் இருக்கார். சரி, அவரு அந்த முகாம்ல இருந்தவரு. அவரைவிடப் பெரிய சான்று உனக்கு எங்க கிடைக்கும்?"

 அந்தக் கேள்விதான் அவளை இன்னும் எரித்தது. அப்பாவின் தோளைத் தட்டி, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, இடது காதருகில் குனிந்தாள். அந்தப் பக்கம்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு எழுதச் சொன்னீங்களா?"

"என்னது?"

"டாக்டரய்யா மாத்திரையில! ஒருத்தருக்கும் பாதிப்பு இல்லைன்னு! எழுதச் சொன்னீங்களா?"

"ஆமா. சொன்னேன். அதுக்கு ஏன் கரடியா கத்தற?"

"உங்க காது?"

"காதுக்கென்ன? வயசானா மந்தம் தட்டத்தான் செய்யும்."

"முப்பது வயசுலயா? எனக்கு நினைவு தெரிஞ்சு நீங்க ஒருநாள் என் பேச்சு கேட்டதுண்டா?"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்தது. அப்பா தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல், அவருக்கே உரிய உரத்த குரலில் பேசத் தொடங்கினார். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது.

"உனக்கு என்ன தெரியும் பெரியவளே? அணிவகுத்து நிக்க வச்சு, எங்க எல்லாருக்கும் முன்னால அவர் முதல்ல முழுங்கிக் காட்டினார். அதே அளவு. ஒண்ணும் குறைச்சலில்ல. தினமும். காய்ச்சல் நின்னுச்சா இல்லையா? நின்னுச்சு. நான் இங்க உக்காந்து சாப்பிடறேன்னா அவர் போட்ட பிச்சை. காதுல வண்டு கத்துச்சு, ஆமா. அவர் காதுலயும்தான் கத்துச்சு. அவர் யார்கிட்டப் போய்ச் சொன்னார்?"

"ஆக, பாதிப்பு உண்டு."

"மேலிடத்துல இருந்து பரிசோதனைக்கு ஆர்டர் வந்துது. காது கேக்காதவனையெல்லாம் வீட்டுக்கு அனுப்பணும்னு. முதுகுக்குப் பின்னால நின்னு மெதுவா ஒரு நம்பர் சொல்லுவாங்க, நாம திருப்பிச் சொல்லணும். அதான் பரீட்சை. டாக்டரய்யா என்ன செஞ்சார் தெரியுமா? முன்னால வந்து நின்னார். எங்க மூஞ்சிக்கு நேரா. வாயை நல்லா திறந்து சொன்னார். அத்தனை பேரும் பாத்துப் பாத்துச் சொன்னோம். அத்தனை பேரும் பாஸ்." அப்பா சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. "அது எவ்வளவு பெரிய மனசு!"

"அது பரீட்சையாப்பா? ஏமாத்து வேலை இல்ல?"

"வேலை போயிருந்தா நீங்கள்லாம் என்னத்தத் தின்னிருப்பீங்க? நல்லவேளை அவர் பாஸ்னு எழுதினார். சுருட்டுக்கும்தான் எழுதினார். அப்படி எழுதலைன்னா..."

அப்பா நிறுத்தினார்.

சுருட்டு என்பது அவர் சிநேகிதன். முகாமில் பக்கத்துக் கட்டில். சுருட்டு பிடிக்கத் தெரியாமல் பிடித்து இருமியதால் வந்த பெயர். அவர் விபத்தில் இறந்துபோனார் என்பது மட்டும் வீட்டில் தெரியும். அப்பா எப்போதும் 'அவசரக்குடுக்கை, பாத்து நடக்கமாட்டான்' என்பதோடு முடித்துவிடுவார்.

"சுருட்டு மாமாவுக்கு என்ன ஆச்சு?"

அப்பா தட்டைப் பார்த்தார்.

"லாரி பின்னால வந்துது" என்றார். குரல் முதல்முறையாக அவருக்கே கேட்டுவிட்டது போலத் தணிந்தது. "ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தான். நான் இந்தப் பக்கம் நின்னேன். எனக்கும் கேக்கல. பார்த்தேன், கை காட்டினேன். அவன் என்னைப் பாத்து அவனும் கை காட்டினான்."

தம்பி எழுந்து கைகழுவப் போனான். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"அவருக்கும் பாஸ் போட்டாங்களா?" என்று அவள் கேட்டாள். கத்தவில்லை. அப்பா அவள் உதட்டைப் பார்த்தார்.

"போட்டாங்க."

"அவரையும் சேத்துத்தானா அந்த 'ஒருத்தருக்கும் பாதிப்பில்லை'?"

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அந்த மனுஷனைப் பத்தி ஒரு சொல் தப்பா வரக் கூடாது. நான் இருக்கிறவரைக்கும் வரக் கூடாது" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். தொலைக்காட்சி மறுபடியும் அலறியது.

அவளுக்கு யார்மேல் கோபம் என்று கணக்கு வைக்க முடியவில்லை. முன்னால் வந்து நின்ற டாக்டர்மேல். அதைப் பெரிய மனசு என்று இத்தனை வருஷம் கொண்டாடுகிற அப்பாமேல். யோசிக்காமல் அந்த வரியைத் தட்டிப் போட்ட தம்பிமேல், நம்பகமான தகவல் என்ற நிருபர்மேல், அக்கா அக்கா என்று குழைகிற காகத்தின்மேல். தன் காதில் விழுந்த உண்மையைத் தானே வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டிய சட்டத்தின்மேல். அந்தச் சட்டத்தை அவளேதான் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டினாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தாள். அப்பா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் எழுதவில்லை. லாரி இல்லை, சுருட்டு இல்லை, வாயைத் திறந்து சொன்ன நம்பர் இல்லை. எழுதியது இவ்வளவுதான்: 'பாதிப்பில்லை என்ற வரிக்கு உண்மையில் சான்று இல்லை. நாளிதழ் இந்தக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தே எழுதியதாக நிருபர் சொல்கிறார். இங்கே அந்த வரியை முதலில் போட்ட இணைப்பு எண் எங்கள் வீட்டினுடையது. போட்டவன் என் தம்பி. வரியை நீக்குகிறேன். மருந்தளவின் விளைவுகள் பற்றி எதுவும் இல்லாமல் கட்டுரை முழுமையாகாது. தேறவில்லை. இதற்குமேல் இந்தக் கட்டுரையை நான் மதிப்பிடுவது முறையல்ல.'

கடற்காகத்திடமிருந்து பதில் வந்தது: 'ஒரே ஒரு வரிக்காகவா அக்கா?'

'ஆமாம். அந்த ஒரே ஒரு வரிக்காகத்தான்.'

போய்த் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். வரி மறுபடியும் கட்டுரையில் இருந்தது. இணைப்பு எண், அவர்கள் வீட்டு எண்.

எடுத்தாள். தேநீர் ஆறுவதற்குள் வந்தது. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் வந்தது. எழுந்து முன்னறைக்குப் போனாள். சோபாவில் தம்பி போனை மடியில் வைத்துக் குனிந்திருந்தான். பக்கத்தில் அப்பா, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி, விரலால் சுட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடா!"

"என்னை ஏன் திட்டற? போடு போடுன்னு உயிரை வாங்கறாரு. நீ எடுக்காம இரு, நான் போடாம இருக்கேன்."

"போடறது குத்தம். எடுக்கிறது குத்தமில்ல."

"அதை அவர்கிட்டச் சொல்லு."

அவள் உள்ளே ஓடி, நிர்வாகிகளிடம் முறையிட்டாள். விதிப்படி, பணிவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. பதில் சீக்கிரமே வந்தது. நிர்வாகி எல்லாவற்றையும் படித்துப் பார்த்திருந்தார். அந்த எண் தன் வீட்டினுடையது என்று அவளே கையெழுத்திட்டு எழுதியிருந்தாள் அல்லவா? அதை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஒட்டடைக்கோல் பெயரோடு வந்து வரியை எடுக்கிறார், பெயரில்லாமல் வந்து அவரே திரும்பப் போடுகிறார். தம்பி என்பது வழக்கமாக எல்லோரும் சொல்கிற கதை. நீண்டகாலப் பங்களிப்பாளர் ஒருவர் தனக்குத்தானே சண்டை போட்டுக்கொள்வது வருத்தத்துக்குரியது. ஓய்வு எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பாக, அந்த எண்ணும் அந்தக் கணக்கும் ஒரு மாதத்துக்குத் தடை செய்யப்படுகின்றன. கட்டுரை இப்போது இருக்கிறபடியே பூட்டப்படுகிறது.

இப்போது இருக்கிறபடி என்றால் வரியோடு. ஆனால் நாளிதழ்ச் சான்று செல்லாது என்பதை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, வரியின் முடிவில் சின்ன எழுத்தில் இரண்டு சொல் ஒட்டியிருந்தார்: 'சான்று தேவை.'

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எத்தனை ஆயிரம் வரிகளைக் கூட்டிப் பெருக்கியிருப்பாள். வெளியே தள்ளிக் கதவைச் சாத்த இவர்களுக்கு ஒரு தேநீர் நேரம் போதுமாக இருந்தது. தனக்குத்தானே சண்டையாம்! யாருக்காவது எழுதி விளக்கலாம் என்றால் எழுதவும் வழியில்லை. இது அவள் வீட்டில் அவளுக்குப் புதிதல்ல. வெளியிலும் அப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் தட்டாமல் அப்பா உள்ளே வந்தார். தட்டுவதில் ஒரு பொருள் உண்டு என்பது அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது. கையில் தம்பியின் போன். முகத்தில் ஜெயித்த களை.

"இருக்கு பாத்தியா? இனிமே யாரும் எடுக்க முடியாதாம். சின்னவன் சொன்னான்." போனை நீட்டினார். விரலால் வரியைத் தொட்டு, அதன் முடிவுக்கு வந்து நின்றார். "இது என்ன பக்கத்துல? சான்று தேவைன்னு?"

"ஆதாரம் கேக்கறாங்க."

"என்னது?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்கறதுக்கு ஆதாரம் கேக்கறாங்க! நிஜமான்னு கேக்கறாங்க!"

"யார்கிட்டக் கேக்கறாங்க?"

"தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லலாம்! பத்திரிகைக்காரன் ஒருத்தன் இருக்கான், நம்பர் என்கிட்ட இருக்கு. மாத்திரை சாப்பிட்டவங்களை எங்க தேடறதுன்னு கேட்டான். நீங்க அவன்கிட்டச் சொல்லுங்க. சுருட்டு மாமாவை லாரி எப்படி அடிச்சதுன்னு சொல்லுங்க. அவன் அச்சுல போடுவான்!"

அப்பா அவளைப் பார்த்தார். அவள் அவர் காதருகில் போகவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கமே, முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்துதான் சொன்னாள். ஒரு சொல் விடாமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்ற?" என்றார். "வாய்க்குள்ளயே பேசினா எனக்கு எப்படிப் புரியும்?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலும் திறந்தது. திறக்கட்டும் என்று அவள் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள். சுருட்டு மாமாவின் முழுப்பெயரைச் சொல்லி, லாரியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.